பத்து நிமிடம் சும்மா உட்காரும் தேர்வு

இருபத்தாறு வருடத்தில் அந்த வார்டில் ஒரு முதுகில்கூடப் படுக்கைப்புண் வந்ததில்லை. இரண்டு மணிக்கொரு தரம் ஆளைப் புரட்டிப் போட்டுவிடுவாள் என்பதால் வார்டு தலைமை நர்ஸுக்குப் ‘புரட்டி சிஸ்டர்’ என்று பெயர். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். அப்படிப்பட்டவளை, ‘பரிவுக் கோட்பாடு’ என்ற புதுப் பாடத்தில் தேறினால் வார்டு, இல்லாவிட்டால் துணிக்கிடங்கு என்று மிரட்டி, நிர்வாகம் வகுப்பில் உட்கார வைத்தது.

பாடம் நடத்திய டீச்சரம்மா கடைசியாக பெட்பேன் தூக்கி எத்தனை காலமோ. ‘உடனிருத்தல்’, ‘மனதால் தொடுதல்’ என்று திரையில் படம் படமாக ஓட்டினார்.

“மனசால தொட்டா ஈரத்துணி மாறிடுமா?” என்று பக்கத்து நர்ஸிடம் முணுமுணுத்தாள் புரட்டி சிஸ்டர். நோட்டில் ஒரு வரி எழுதவில்லை. வேலைவெட்டி இல்லாதவர்களின் பிதற்றல் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

செய்முறைத் தேர்வு அதைவிடக் கூத்து. நோயாளி பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார வேண்டும், கை எந்த வேலையும் செய்யக் கூடாது. டீச்சரம்மா கடிகாரமும் கையுமாக நின்றார். ஏணியிலிருந்து விழுந்து கால் விளங்காமல் நாற்பது நாளாகப் படுத்திருக்கும் பெயின்டர் பக்கத்தில், விதியே என்று ஸ்டூலைப் போட்டாள்.

பெயின்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. “என்ன சிஸ்டர், நான் பொழைக்க மாட்டேனா? நீங்க உக்காந்து நான் பாத்ததே இல்லையே.”

“ஒண்ணுமில்ல. சும்மாதான் உக்காந்திருக்கேன்.”

பெயின்டர் குரலைத் தாழ்த்தினான். “அப்ப ஒண்ணு சொல்லவா? நீங்க பொரட்டுறப்ப இந்தத் தோள்ல உயிர் போகுது. வந்த நாள்லேருந்து.”

எழுந்து அவன் சட்டையை விலக்கித் தோளைத் தடவினாள். காறை எலும்பு முறிந்து, கோணலாகக் கூடிக்கொண்டிருந்தது. கால்களையே பார்த்த டாக்டர்களும் கவனிக்கவில்லை, முதுகையே பார்த்த அவளும் கவனிக்கவில்லை. டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினாள்.

டீச்சரம்மா தாளில் ஒரு கோடு இழுத்தார். “நாலு நிமிஷத்துல எந்திரிச்சிட்டீங்க. வேலையும் செஞ்சிட்டீங்க. ஃபெயில்.”

வார்டு போயிற்று. இந்த அம்மாளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தவள், அதற்கு முன்னால் பெயின்டர் பக்கம் திரும்பினாள்.

“நாப்பது நாளா வாய்ல என்ன வச்சிருந்த? சொல்றதுக்கென்ன?”

“சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு பயம் சிஸ்டர். அப்புறம் என்னை யாரு பொரட்டுவாங்க?”