ஆடியில் மட்டும் வந்த தங்கை

தங்கை என்னைவிட ஒன்பது வயது இளையவர். இளையோரை ஒருமையில் எழுதுவதே நம் வழக்கம். இறைவன் திருவடி நிழலில் மூத்தோர் இளையோர் என்ற வரிசை இல்லை என்பதால், இங்கு அவரை மரியாதைப் பன்மையிலேயே எழுதுகிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் நண்பரும் இதைப் பொறுத்தருள வேண்டும்.

அவர் பிறந்தது கச்சிராயபாளையத்தில். கோமுகி அணைத் தண்ணீரில் எங்கள் தந்தையார் குத்தகைக்குக் கரும்பு வைத்திருந்த காலம் அது. எட்டாம் வகுப்போடு பள்ளி நின்றது. பத்தொன்பதாம் வயதில் களமருதூருக்கு மணம் முடித்துக் கொடுத்தோம். பதினோராம் ஆண்டில் மைத்துனர் மஞ்சள்காமாலையில் படுத்து நான்கே வாரத்தில் மறைந்தார். இரண்டு பெண் குழந்தைகளுடன் தங்கை எங்கள் வீட்டுக்குத் திரும்பி, களை எடுத்தும் கரும்பு வெட்டியும் நான்கு ஆண்டுகள் கழித்தார். பிறகு ஒருநாள், குவைத்தில் வீட்டு வேலைக்கு விசா இருப்பதாகத் தரகர் ஒருவர் சொன்ன செய்தியோடு என் முன் வந்து நின்றார்.

"அண்ணா, ரெண்டே வருசம். பொண்ணுங்க படிப்புக்கு ஒரு வழி பண்ணிட்டு வந்துடறன்."

"பாஷ தெரியாத ஊரு. அங்க போயி இன்னா பேசுவ?"

"இங்க மட்டும் நான் பேசி யாரு கேட்டுக்கினு இருக்காங்க?"

இரண்டு ஆண்டு என்று சொல்லிச் சென்றவர் பதினாறு ஆண்டு அங்கிருந்தார்.

அந்த வாழ்க்கையைப் பற்றி அவர் சொன்னது குறைவு. கேட்டறிந்தவற்றை மட்டும் எழுதுகிறேன். விமான நிலையத்திலேயே கடவுச்சீட்டை வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று மாடி வீடு, பதினொரு பேர். விடியுமுன் தொடங்கும் வேலை, கடைசி ஆள் உறங்கிய பின்தான் முடியும். அரபு மொழியை உடன் வேலை செய்த இலங்கைப் பெண் ஒருவர், பாத்திரம் துலக்கும் இடத்தில் ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டிக் கற்றுக்கொடுத்தார். தரை துடைக்கும் மருந்தில் கைத்தோல் உரிந்தது. மூன்றாம் ஆண்டில் அது பழகிவிட்டது என்றார். அந்த வீட்டார் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை, ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததுமில்லை.

"நல்லவங்கதாண்ணா," என்று ஒருமுறை சொன்னார். "நம்மள ஒரு ஆளுன்னு நெனைக்கல, அவ்ளோதான்."

கோடையில் அந்தக் குடும்பம் குளிர்ந்த நாடு ஒன்றுக்குச் செல்லும். வீடு பூட்டப்படும். அந்த முப்பது நாள்தான் தங்கைக்கு விடுப்பு, அதுவும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அது ஒவ்வொரு முறையும் நம் ஆடி மாதத்தில் வந்து விழுந்தது. ஆனியில் கேட்டாலும் கிடைக்காது. ஆவணி பிறப்பதற்குள் திரும்பியாக வேண்டும்.

ஆடியில் நம்மவர் மங்கல காரியம் எதுவும் வைப்பதில்லை. ஆகவே தம் பெண்கள் இருவரின் மஞ்சள் நீராட்டுக்கும் அவர் இல்லை. என் பேரனின் காதணி விழாவுக்கும் இல்லை. தம் உழைப்பால் எழுந்த வீட்டின் புதுமனை புகுவிழா வைகாசியில் நடந்தது. அவர் ஆடியில் வந்து, பால் காய்ச்சிய இடம் எது என்று கேட்டு, அந்த இடத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, குளிக்கப் போனார். அந்த நாள்கள் அனைத்தையும் குறித்துக் கொடுத்தவன் நான். ஊரில் பாதிப் பேர் பஞ்சாங்கம் பார்த்து நாள் சொல்லும்படி என்னிடம்தான் வருவார்கள்.

மூத்த பெண்ணுக்கு வரன் அமைந்தபோதும் நானே ஆனிக் கடைசி முகூர்த்தத்தைக் குறித்தேன். இன்னும் பதினொரு நாள் பொறுத்தால் தங்கை வந்திறங்குவார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பதினொரு நாளில் ஆடி பிறந்துவிடும். கைப்பேசியில் காட்டிவிடலாம் என்றேன். தாலி கட்டும் நேரத்தில் மேளம் உயர, கூட்டம் எழுந்து நெருக்க, தங்கை கண்டது பந்தல் துணியையும் யாரோ ஒருவரின் தோளையும் மட்டுமே. ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வைக்கும் முறைப்படி மகளும் வந்தாள், தாயும் வந்தார்.

"கழுத்துல இருக்கறத எடுத்துக் காட்டுடி."

"இந்தா பாரும்மா."

"கட்டும்போது அவுரு கை நடுங்குச்சா?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் தலையக் குனிஞ்சிக்கினு இருந்தன்."

"நான் இருந்திருந்தா பாத்து வெச்சிருப்பன்," என்றார் தங்கை. நான் அடுத்த அறையில் மாலை வழிபாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். அன்று பதிகத்தில் ஓர் அடி விட்டுப்போயிற்று.

நான்கு ஆண்டு கழித்து இளைய பெண்ணுக்கு வரன் உறுதியானது. கள்ளக்குறிச்சிக்காரர்கள். பிள்ளையின் தாயார் உழவர் சந்தையில் காய்கறி விற்பவர். குவைத்திலிருந்து தங்கை குரல்பதிவு ஒன்று அனுப்பினார். "அண்ணா, உன்ன நான் எதுவும் கேட்டதில்ல. இந்த ஒரு கல்யாணம் மட்டும் ஆடியில வெச்சிக்கலாமா? எனக்கு ஒண்ணாவது கண்ணால பாக்கணும்."

நாள் முழுதும் யோசித்தேன். பொழுதெல்லாம் இறைவனுக்கு உரியது, அவன் துணையிருக்க ஆகாத நாள் என்று ஒன்றில்லை என்னும் கருத்தை நாற்பது ஆண்டுகளாக மார்கழி தோறும் கோயிலில் பாடியவன் நான். பாடி முடித்து வீட்டுக்கு வந்ததும் பஞ்சாங்கத்தைத் திறந்தவனும் நானே. இரண்டும் ஒருவனுக்குள் எப்படி ஒத்துப்போயின என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. மூன்றாம் நாள் கள்ளக்குறிச்சிக்குப் பேருந்து ஏறினேன்.

சம்பந்தியம்மாள் தக்காளிக் கூடையைத் தரம் பிரித்துக்கொண்டே கேட்டார். "இன்னாங்க சாமி, ஊருக்கே நாள் குறிக்கிறவரு நீங்களே ஆடின்னு வந்து நிக்கிறீங்க? பொண்ணுக்கு இன்னா அவ்ளோ அவசரம்?"

கேள்வியின் உட்பொருள் எனக்கு விளங்கியது. "அவசரம் பொண்ணுக்கு இல்லீங்க. அவங்க அம்மாவுக்கு" என்று சொல்லி, முழுவதையும் விவரித்தேன்.

அவர் கூடையை ஒதுக்கி வைத்தார். பிறகு, "எங்க சொந்தக்காரங்க சும்மா இருக்க மாட்டாங்க. நீங்கதான் இந்த நாளக் குறிச்சீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவன். பரவால்லீங்களா?" என்றார்.

"தாராளமா சொல்லுங்க," என்றேன்.

அவரும் சொன்னார். அதன் பின் என்னிடம் நாள் கேட்டு வருவோர் குறைந்தனர். சமையற்காரர் மூன்று முறை தொலைபேசியில் அழைத்து, "சாமி, ஆவணிதான சொல்றீங்க?" என்று கேட்டார். எங்கள் பங்காளிகளில் மூத்தவர் பத்திரிகையை வாங்க மறுத்தார். முந்நூறு பேர் வரவேண்டிய திருமணத்துக்கு எழுபது பேர் வந்தனர். தங்கை ஐந்து நாள் முன்னதாகவே வந்துவிட்டார்.

எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் மணமக்கள் அமர்ந்து, தாய்மாமன் முறைமைகளை நான் செய்து முடித்தபோது, தங்கை சமையல் நடக்கும் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் போய் நின்றிருந்தார். கணவரை இழந்தோர் தாலி கட்டும் நேரத்தில் முன்னால் நிற்பதில்லை. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, அவராகவே போய்விட்டார். நான் கண்டேன். அழைக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால், ஒரு மாதத்தையே மீறிவிட்டேன், இதுவுமா என்று மனம் தயங்கியது. மேளக்காரர் என் கையசைவுக்காகக் காத்திருந்தார்.

அப்போது சம்பந்தியம்மாளின் குரல் மண்டபம் முழுவதும் கேட்டது.

"ஏங்க சம்மந்தி, அங்க போயி இன்னா பண்றீங்க?"

"நான் இங்கயே நிக்கறன். நான் வரக்கூடாதுங்க."

"ஆடியிலயே கல்யாணம் வெச்சாச்சு. இதுக்கு மேல கெட்டுப்போக இங்க இன்னா பாக்கி கீது? வாங்க இப்படி!"

எழுபது பேரும் சிரித்தார்கள். மணமகளும் தலை நிமிர்ந்து சிரித்தாள். சிரிப்பு அடங்குமுன் சம்பந்தியம்மாள் நேரே போய்த் தங்கையின் கையைப் பிடித்து அழைத்து வந்து, மகளுக்கு ஒரு முழத் தொலைவில் நிறுத்தினார். நான் கையசைத்தேன். மேளம் முழங்கியது. தங்கை அட்சதையைத் தூவவில்லை. கைக்குள் மூடியபடியே, முதல் முடிச்சை மாப்பிள்ளையும் மற்ற இரண்டை அவருடைய தமக்கையும் போட்டு முடிக்கும் வரை, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நடுங்குச்சிண்ணா" என்றார்.

மீதமிருந்த நாள்களையும் முடித்துக்கொண்டு அவர் மீண்டும் குவைத் சென்றார். அதன்பின் இரண்டு ஆண்டுகள் உழைத்தார். சிறுநீரகம் பழுதுற்று, நின்று வேலை செய்ய இயலாத நிலையில், அந்த வீட்டார் பயணச்சீட்டு எடுத்து அனுப்பி வைத்தனர். இளைய மகள் வீட்டில், பேரக் குழந்தையோடு, ஏழு மாதம் இருந்தார். வாரம் இருமுறை கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்குச் சம்பந்தியம்மாளே ஆட்டோவில் அழைத்துச் சென்றார். கடைசி வாரத்தில் தங்கைக்குப் பேச்சு குறைந்தது. நான் அருகிருந்து பாடினேன். ஒரு பொழுது கண் திறந்து, "மெதுவா பாடுண்ணா, வூட்ல புள்ள தூங்குது" என்றார். பிறகு ஒரு காலை, திருநீறு இட்ட நெற்றியோடு, வருத்தமின்றி அடங்கினார்.

நோயில் துணை நின்ற மருத்துவர்க்கும் செவிலியர்க்கும், தோள் கொடுத்தோர்க்கும், மொழி கற்பித்த அந்த முகமறியா இலங்கைச் சகோதரிக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டுள்ளது. பத்திரிகை வாங்க மறுத்த பங்காளிப் பெரியவர் இந்தத் துக்கத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றார். அவருக்கும் நன்றி. ஆடியென்று அஞ்சாமல் அன்று மண்டபத்துக்கு வந்த எழுபது பேரையும் பெயர் பெயராக நினைக்கிறேன். நான் சொல்லியிருக்க வேண்டிய சொல்லைச் சொன்ன சம்பந்தியம்மாளுக்குக் கை கூப்புகிறேன்.

நாள் கேட்டு என்னிடம் இப்போதும் சிலர் வருகிறார்கள். அவர்கள் குடும்பங்களிலும் சிங்கப்பூரில் ஒருவர், துபாயில் ஒருவர் என்று இருக்கிறார்கள். அவர்களுக்கு என்றைக்கு விடுப்பு என்று கேட்டுவிட்டுத்தான் பஞ்சாங்கத்தைத் திறக்கிறேன்.