ஒரே இருமல், ரெண்டு உடம்பு

அதிமதுரம், இஞ்சி, அப்புறம் பேரே தெரியாத ஏதேதோ வேர்... எல்லாம் சேர்ந்து கொதிக்கிற வாசம். பர் துபாய்ல அந்த பில்டிங்ல லிஃப்ட் கதவு திறந்ததுமே மூக்குல ஏறும். வீட்டுக்கு வந்து குளிச்சாலும் தலைமுடிய விட்டுப் போகாது.

கல்யாணமாகி துபாய் வந்த புதுசு. என்னோட முதல் வேலை... ஒரு சீன வைத்திய கிளினிக்ல ரிசப்ஷன். டாக்டர் மெய்னு ஒரு சீனக்கார அம்மா. இங்கிலீஷ் அரைகுறை, ஹிந்தி சுத்தமா வராது. வர்றவங்கள்ல பாதி பேர் நம்மாளுங்க. அதனால பேர் எழுதுறது, பேசிப் புரியவைக்கிறது, அலமாரிலேர்ந்து கஷாய பாக்கெட் எடுத்துக் குடுக்குறது எல்லாம் நான்தான்.

ஒருநாள் ரெண்டு பேர் சேர்ந்து வந்தாங்க. முருகேசன் அண்ணன், செல்வம் அண்ணன். அறந்தாங்கி பக்கம், பெரியப்பா சித்தப்பா பிள்ளைங்க. ஏசி டக்ட் போடுற வேலை. ஒரே கேம்ப், ஒரே ரூம், ஒரே மெஸ் சாப்பாடு. மூணு வாரமா ரெண்டு பேருக்கும் இருமல். ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுத்துப் பாத்து ஒண்ணுமில்லன்னுட்டாங்க. இருமல் மட்டும் நிக்கல.

டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னாங்க. ரெண்டு கையிலயும் ரொம்ப நேரம் நாடி பாத்தாங்க. அப்புறம் கேள்வி மேல கேள்வி. கால் சில்லுன்னு இருக்குமா? தண்ணி ஜில்லுன்னு வேணுமா, சூடா வேணுமா? வயிறு எப்படிப் போகுது? அதையெல்லாம் தமிழ்ல கேக்க எனக்கே கூச்சமா இருந்துச்சு...

"ஏசிய பதினெட்டுல வச்சாத்தான் தங்கச்சி எனக்குத் தூக்கமே வரும்"னாரு முருகேசன் அண்ணன். ஆள் தாட்டியமா, முகமெல்லாம் செவந்து, வேர்த்துக்கிட்டே இருந்தாரு.

"அந்த ஏசியால நான் ரெண்டு கம்பளிக்குள்ள கெடக்கேன்"னாரு செல்வம் அண்ணன். ஒல்லி. முகத்துல ரத்தமே இல்ல.

ரெண்டு பேருக்கும் வேற வேற கஷாயம். ஒருத்தருக்கு சூட்டைத் தணிக்கிறது, இன்னொருத்தருக்கு உடம்பைச் சூடாக்குறது. நம்ம ஊர்லயும் சூட்டு உடம்பு, குளிர்ச்சி உடம்புன்னு சொல்வோம்ல... அதெல்லாம் சும்மா பேச்சுன்னுதான் நெனச்சிருந்தேன்.

ஒரு வாரம் கழிச்சு முருகேசன் அண்ணன் மட்டும் வந்தாரு. இருமலே இல்ல!

"செல்வத்துக்கு இன்னும் முழுசா விடல தங்கச்சி. அவனால லீவு போட முடியல. எனக்குக் குடுத்ததையே அவனுக்கும் குடுத்துருங்களேன்..."

டாக்டர் உள்ள ஒருத்தருக்கு அக்குபங்சர் ஊசி குத்திக்கிட்டிருந்தாங்க. கேட்டிருக்கலாம். கேக்கல. ஒரே ரூம், ஒரே இருமல், இதுல என்ன வந்துரப் போகுதுன்னு அஞ்சு நாளைக்கான பாக்கெட்டை எடுத்துக் குடுத்துட்டேன்.

நாலாவது நாள் காலைல கதவு திறந்துச்சு. முருகேசன் அண்ணன் தோள்ல தொங்கிக்கிட்டு செல்வம் அண்ணன்... எனக்கு அடையாளமே தெரியல. கண்ணு உள்ள போயி, உதடு வெளுத்து, வேர்வை சில்லுன்னு வழியுது. ரெண்டு நாளா வயித்தால போயிருக்கு. நிக்க முடியாம என் டேபிள் முன்னாடியே உக்காந்துட்டாரு.

டாக்டர் கையைப் பிடிச்சுப் பாத்தாங்க. முருகேசன் அண்ணன் நீட்டின காலி பாக்கெட்டைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க.

"யார் குடுத்தது?"

"நான்தான்"னு சொன்னது என் குரல்தானான்னே தெரியல.

அவங்க உடனே டாக்ஸி வரச்சொல்லி அவங்களே கூட ஏறி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் தனியா உக்காந்திருந்தேன். போன் அடிக்குது, எடுக்கக் கை வரல. அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகியிருந்தா... ஊர்ல அவருக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க.

மத்தியானம் டாக்டர் திரும்பி வந்தாங்க. "ட்ரிப் ஏறுது. பயமில்ல"ன்னாங்க. எனக்கு அப்பத்தான் அழுகையே வந்துச்சு. அழுது முடிக்கிற வரைக்கும் நின்னுட்டு, கையை நீட்டி அலமாரி சாவியை வாங்கிக்கிட்டாங்க. அங்க இருந்த ரெண்டு வருஷமும் அது எங்கிட்ட திரும்பி வரல. வரக்கூடாதுதான்.

பத்து நாள் கழிச்சு செல்வம் அண்ணன் நடந்தே வந்தாரு. "மன்னிச்சிருங்கண்ணே"ன்னேன்.

"விடும்மா. அவனுக்குக் கேட்டது எனக்கும் கேக்கும்னு நானும்தானே நம்பிக் குடிச்சேன்..."

திட்டியிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது.

இப்ப ஷார்ஜால இருக்கோம். போன வாரம் எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல நாத்தனார் ஒரு வாய்ஸ் நோட் போட்டாங்க. "நான் இந்தக் கஷாயத்தைக் குடிச்சேன், ரெண்டே நாள்ல சளி போயிருச்சு... எல்லாரும் குடிங்க!" வரிசையா தம்ஸ் அப்.

அன்னைக்கு ஒருத்தருக்குக் கேட்டதை இன்னொருத்தருக்கு எடுத்துக் குடுக்க நான் ஒருத்திதான் இருந்தேன். இன்னைக்கு எங்க குரூப்ல மட்டும் நாப்பது பேர் இருக்கோம்...