கொடுமைக்கு வந்த சாட்சி

மருதமுனை நாச்சியா வாய்க்காரி அல்ல. தறியில் உட்கார்ந்தால் பின்னேர அஸர் பாங்கு கேட்கும்வரை தலை நிமிராதவள். அப்படிப்பட்டவள் 1956இல், புருசன் முகைதீன்பாவாவின் கொடுமை தாங்க முடியவில்லை, பிரித்துவிடுங்கள் என்று மணவழக்கு கேட்கும் காதியாரிடம் எழுதிக் கொடுத்தபோது ஊரே வாயைப் பிளந்தது. குடிக்காத, கை நீட்டாத மனிதன் அல்லவா அவன்!

கை நீட்டவில்லைதான். இடுப்பில் உடுக்கும் சாரம் ஒன்று நெய்து முடிய ஒரு முழம் இருக்கும்போது, அவள் அடுக்களைக்குப் போன நேரம் பார்த்துத் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை அறுத்துவிடுவான். ஆயிரக்கணக்கான இழைகள். அவள் ஒவ்வொன்றாய் முடிச்சுப் போடுவாள். கேட்டால், எலி என்பான். கத்தி வைத்த மாதிரி நேராக அறுக்கிற எலியை எங்காவது கண்டதுண்டா?

விசாரணை நாளில் காதியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"அடிச்சானா புள்ள?"

"இல்ல ஹாஜியார்."

"பட்டினி போட்டானா?"

"இல்ல."

"அப்ப கொடுமை எண்டு எதச் சொல்றாய்? சாட்சி ஆரு?"

சாட்சி இல்லை. இன்று தோற்றால் சாகும்வரை அந்த முடிச்சுதான்.

விசாரணையை எழுதிக்கொண்டிருந்த கிளாக்கர் ஹஸன் பழந்தமிழ்ப் பித்தர். பேனையை வைத்தார். "ஹாஜியார், கொடு எண்டா வளைவு. கொடுமை அதிலிருந்து வந்த சொல்லு. அடியும் காயமும் பிறகு வந்த சங்கதி. மனசு கோணினாலே போதும்."

"கோணின மனச நான் என்னத்தால அளக்கிற?" என்று காதியார் எரிந்து விழுந்தார்.

நாச்சியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவளை வதைத்தது அறுந்த நூல் அல்ல. அவள் புருசன் பக்கம் திரும்பினாள்.

"நான் அழுதழுது முடிச்சுப் போடக்க, பாய் விரிச்சு முன்னுக்கு இருந்து பாப்பீங்களே, என்னத்துக்கு?"

முகைதீன்பாவாவுக்குச் சுள்ளென்று ஏறியது. "பாக்காம? இருக்கிற ஊடும் உன்ட, தறியும் உன்ட! நீ அழக்கதான் நான் ஆம்புள எண்டு எனக்கே தெரியிற! அதுக்குத்தானே அறுக்கிற!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

"எழுதுங்க ஹஸன்," என்றார் காதியார். "சாட்சி வந்திட்டான்."

இந்தக் கிழக்குக் கரையில் வீடு சீதனமாய்ப் பெண்ணுக்குத்தான். ஆகவே தீர்ப்பு வந்ததும் பெட்டியைத் தூக்கியவன் முகைதீன்பாவா. நாச்சியா வாசல் படலையைச் சாத்தினாள். வேலிக்கு மேலால் பக்கத்து வளவுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னடி ஒளிச்சுப் பாக்கிறீங்க?" என்று சத்தம் போட்டுச் சிரித்தாள் நாச்சியா. "உள்ளுக்கு வாங்க! என்ட ஊட்டுல தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க!"