காடி வாளியும் கல்யாண ஆலாத்தியும்

இராக்கம்மாள் தன் வாழ்நாளில் வென்றவை இவை: நடக்கப் பழகும் வயதில் வந்த மலைக்காய்ச்சல், பெண்பிள்ளை கைபட்டால் ரப்பர் பால் உறையாது என்ற மாயழகுக் கங்காணியின் ஆராய்ச்சி, ஹாலிஎலையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அத்தை, ஓர் எனாமல் வாளி. இவற்றுள் வாளிதான் பொல்லாதது.

லுணுகலைக்குக் கீழே ஒரு ரப்பர் தோட்டத்து ஸ்டோரில், அதாவது பால் உறையவைத்து ரப்பராக்கும் தொழிற்சாலையில், அவளுக்கு வேலை. தொட்டியில் நிற்கும் ரப்பர் பாலுக்கு உறை ஊற்றுவாள். உறை என்றால் மோர் அல்ல, சீமையிலிருந்து ஜாடியில் வரும் அசிட்டிக் அமிலம். தோட்டத்தில் அதற்குப் பெயர் காடி. காடி குறைந்தால் பால் பாலாகவே கிடக்கும். கூடினால் ரப்பர் கெட்டுப்போகும். தூரத்து மலையிலிருந்து வரும் பால் வழியில் கட்டிவிடாதபடி அமோனியா கலந்து அனுப்புவார்கள். அந்தப் பால் எவ்வளவு காடியையும் விழுங்கிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். ஆகவே முதலில் சிரட்டையில் கொஞ்சம் பால் எடுத்து, சொட்டுச் சொட்டாகக் காடி விட்டுக் கலக்கி, எந்தச் சொட்டில் கட்டுகிறது என்று பார்த்துக்கொண்டுதான் தொட்டிப் பக்கம் போவாள். அவள் ஊற்றிய பால் ஒருநாளும் கெட்டதில்லை. அதே ஸ்டோரில் புகையறை பார்த்த அவளுடைய அண்ணன் நல்லையா இதைக் கேட்டவர்களுக்கும் சொல்வான், கேட்காதவர்களுக்கும் சொல்வான். காடியின் கைங்கரியத்தால் அவள் விரல்களில் மட்டும் தோல் நிலைக்கவில்லை.

கல்யாணம், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் நடந்தது. மாப்பிள்ளை வீரசிங்கம் பந்தலுக்கு வந்து நின்றதும், பெண்கள் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆலாத்தித் தட்டை எடுத்துவந்தார்கள். தண்ணீர் குங்குமமாய்ச் சிவந்திருந்தது. அதோடு விட்டிருக்கலாம். மாயழகுக் கங்காணி விடவில்லை. தோட்டத்துச் சகுனம் எல்லாம் அவர் பொறுப்பு.

“என்னடி இது, தட்டுல பாதித் தண்ணி? மாப்பிள்ளை வீட்டாளுக இம்புட்டுப் பேரு வந்திருக்காக, தளும்ப வேணாமா?” என்று பக்கத்திலிருந்த எனாமல் வாளியிலிருந்து ஒரு செம்பு மொண்டு ஊற்றினார்.

சிவப்பு அப்படியே மஞ்சளாகிவிட்டது.

மாப்பிள்ளையின் அத்தை பாக்கியலெட்சுமி மார்பில் கை வைத்தாள். “ஐயோ, செவப்பு வெளுத்துப் போச்சே! எம் மருமவன் ஆயுசுக்கில்ல சாமி சொல்லுது! திரும்புடா வீரசிங்கம், ஊருக்குப் போவோம்!”

“பசிக்குது அத்தை,” என்றான் வீரசிங்கம்.

“பதறாதீங்கம்மா, இது கண்ணேறு,” என்றார் கங்காணி. “எலுமிச்சம்பழம் கொண்டாங்க!” பழத்தை அறுத்துத் தட்டிலேயே பிழிந்தார். மஞ்சள் இன்னும் பளிச்சென்று ஆயிற்று. “பலமான கண்ணு. இன்னொண்ணு கொண்டாங்க!” பழத்துக்குப் பழம் மஞ்சள் தெளிந்துகொண்டே போனது, அத்தை மூட்டையைத் தலையில் ஏற்றிவிட்டாள்.

உள்ளே மாலையோடு உட்கார்ந்திருந்த இராக்கம்மாளுக்கு எல்லாம் கேட்டது. அத்தை மூட்டையோடு கிளம்பிவிட்டால், ஆலாத்தி வெளுத்த பெண் என்ற பேரைச் சுமந்துகொண்டு அந்த லயத்திலேயே இருந்துவிட வேண்டியதுதான். எழுந்து வெளியே வந்தாள். கல்யாணப் பெண் வாசலுக்கு வந்ததே ஒரு சகுனத்தடை என்று கங்காணி வாயைத் திறப்பதற்குள் குனிந்து வாளியை முகர்ந்து பார்த்தாள்.

“மாமா, இது ஸ்டோரு வாளிதானே?”

“ஆமா. கல்யாணத்துக்குத் தகர வாளியா வெப்பாக? நானே எடுத்தாந்தேன். அடியில கொஞ்சம் தண்ணிகூடக் கெடந்துச்சு. வீணாக்கக் கூடாதேன்னு அதுமேலயே நெறச்சுக்கிட்டு வந்தேன்.”

“அது தண்ணி இல்லீங்க, காடி. மஞ்சளைச் செவப்பாக்குறது சுண்ணாம்பு. புளிப்புப் பட்டா பழையபடி மஞ்சளாயிரும். அதுமேல நீங்க எலுமிச்சம்பழத்தையும் பிழிஞ்சா எங்க செவக்கும்?”

“பொண்ணு பேசுற பேச்சைப் பாத்தீங்களா!” என்றாள் அத்தை. “தாலி ஏறுறதுக்கு முந்தியே இம்புட்டு வாயி!”

இராக்கம்மாள் தட்டின் முன் உட்கார்ந்தாள். வெற்றிலைத் தட்டிலிருந்த சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, வெற்றிலையைக் கூம்பாகச் சுருட்டி, ஆலாத்தியில் சொட்டவிட்டாள். அள்ளிக் கொட்டினால் செங்கல் கரைத்ததுபோல் கலங்கிவிடும். அதற்கும் கங்காணி ஒரு பலன் சொல்லுவார். சொட்டு விழுந்த இடம் சிவந்தது; கலக்கினால் மறைந்தது. மறுபடி விட்டாள், மறுபடி மறைந்தது. அமோனியாப் பால் காடியை விழுங்கியதுபோல் இந்தக் காடி சுண்ணாம்பை விழுங்கிக்கொண்டிருந்தது. கங்காணி கண்ணை மூடி ஏதோ முணுமுணுக்கத் தொடங்கினார். பிறகு சிவப்பு மறையச் சற்றுத் தாமதித்தது. அவள் கையை நிதானித்தாள். இன்னும் ஒரு சொட்டு. தட்டு முழுவதும் சிவந்து, கலக்கியும் அப்படியே நின்றது.

“பாத்தீங்களா!” என்று கங்காணி கண்ணைத் திறந்தார். “நம்ம மந்திரம் பலிச்சிருச்சு!”

நல்லையா ஏதோ சொல்ல வாயெடுத்தான். தங்கை அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

“ஆமாங்க மாமா, உங்க மந்திரந்தான்,” என்றாள். அத்தை மூட்டையை இறக்கினாள். தாலி ஏறியது. வீரசிங்கம் இரண்டு பந்திகளில் உட்கார்ந்தான்.

லுணுகலையிலிருந்து வந்திருந்த பதிவுகாரர் புத்தகத்தை விரித்தார். மாப்பிள்ளையின் பெருவிரல் ரேகை அழகாக விழுந்தது. பெண்ணின் விரல் வைத்த இடத்தில் வெறும் மைத்திட்டு. துடைத்து வைத்தாலும் அதேதான். காடி ரேகையைத் தின்றிருந்தது.

“ரேகையே இல்லாத பொண்ணா!” என்று கங்காணி எழுந்தார். “ரேகை இல்லேன்னா ஆயுசு ஏது?” அத்தையின் கை மறுபடி மூட்டையைத் தேடியது.

“பேனாவைக் கொடுங்கய்யா,” என்றாள் இராக்கம்மாள்.

ஸ்டோரில் உறைந்து கிடக்கும் ரப்பர், ரோலருக்குப் போகுமுன் இட்லிபோல் மெத்தென்றிருக்கும். அதில்தான் அண்ணன் விரலால் எழுதிக் காட்ட, அவள் பார்த்து எழுதிப் பழகியது. எழுதிய பெயரையெல்லாம் ரோலர் நசுக்கி அழித்துவிடும்; மறுநாள் மறுபடி எழுதுவாள்.

இது காகிதம். நிதானமாக, ஓரெழுத்தும் கோணாமல், இராக்கம்மாள் என்று எழுதினாள். பதிவுகாரர் ஊதிக் காயவைத்து, பக்கத்தில் தேதியைப் போட்டார்: 1917ஆம் ஆண்டு ஜூன் மாதம் எட்டாந்தேதி.