என் இடது காலுக்கு வேலை இல்லாத கார்

சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் என் இடது காலை இளைக்க வைத்துவிட்டுப் போனது. தொடையிலிருந்து பாதம் வரை இரும்புப் பட்டை வைத்த காலிப்பர் மாட்டி, கையில் ஊன்றுகோலோடுதான் நடப்பேன். முட்டியில் ஒரு பூட்டு இருக்கும். அதைத் தூக்கிவிட்டால்தான் கால் மடங்கும், உட்கார முடியும். ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டு செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. பின்பக்கம் கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வடக்குப்பட்டிலிருந்து போய்வந்துகொண்டிருந்தேன். எத்தனையோ கார்களுக்குள் போகும் வயர்களைத் தொட்டுப் பார்த்து அனுப்பியிருக்கிறேன். ஒரு காரைக்கூட ஓட்டியதில்லை.

போன மழைக்காலத்தில் ஒருநாள் தொப்பலாக நனைந்து வீடு வந்தேன். காலிப்பரின் தோல் பட்டை ஊறி, தொடையை அறுத்துப் புண்ணாக்கிவிட்டது. லீவு போட்டுப் படுத்துக் கிடந்தபோது என் கணவர் சொன்னார்.

"எலக்ட்ரிக் காரு ஒண்ணு எடுத்துடலாம். அதுல எடது காலால மிதிக்கற கிளட்ச்சே கெடையாது. நீயே ஓட்டு."

"நானா?"

"பின்ன? நான் ஷிப்டுக்குப் போயிட்டா உன்ன யாரு கூட்டிகினு போவா?"

அவர் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுபவர். வண்டி விஷயத்தில் சும்மா பேசமாட்டார். கியர் இல்லாத பெட்ரோல் கார்கள் முன்பே இருந்தன என்பது எனக்கும் தெரியும். ஆனால் அன்றுவரை எங்கள் வீட்டில் யாரும் என்னையும் ஸ்டியரிங்கையும் சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை, நான் உட்பட.

டிரைவிங் ஸ்கூல்காரர் என் காலைப் பார்த்துத் தயங்கினார். "காலு இப்டி கீதேம்மா?"

"வலது காலு நல்லா கீது சார். ரெண்டு பெடலுக்கு ஒரு காலு போதும்."

டாக்டர் சர்டிபிகேட், ஆர்.டி.ஓ. ஆபீஸ், ஆட்டோமேட்டிக் வண்டியில் டெஸ்ட் எல்லாம் முடிந்து லைசென்ஸ் வந்தது. அடுத்த ஞாயிறே கணவர், காலேஜில் படிக்கும் மகள், நான் மூவரும் ஷோரூம்களுக்குக் கிளம்பிவிட்டோம்.

முதல் கார் விமானத்திலிருந்து அறுத்தெடுத்ததுபோல வழவழவென்று இருந்தது. கைப்பிடி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கதவோடு கதவாகப் படிந்திருந்தது. ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை வெளியே வரும், அதைப் பிடித்து இழுக்க வேண்டும். எனக்கு ஒரு கை எப்போதும் ஊன்றுகோலுக்குப் போய்விடும். மிச்சமிருந்த கையால் அழுத்தினேன். இழுக்க விரலை மாற்றுவதற்குள் அது உள்ளே போய்விட்டது. மறுபடியும் அழுத்தினேன். மறுபடியும் போய்விட்டது.

விற்பனைப் பையன் என் கணவரிடமே பேசிக்கொண்டிருந்தான். "சார், டிக்கி பாருங்க. ரெண்டு கைலயும் பை இருந்தாகூட பிரச்சனை இல்ல. பம்பருக்குக் கீழ காலை ஆட்டுனா தானா தொறந்துக்கும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது.

"ஒத்தக் கால்ல நின்னுகினு இன்னொரு கால ஆட்டணுமா? அதுக்கு நான் சர்க்கஸ்ல சேரணும் தம்பி" என்றேன்.

அவனே முதலில் சிரித்தான். "சாரி மேடம்" என்றான். அதன்பிறகு என்னிடம்தான் பேசினான்.

ஓட்டிப் பார்த்தேன். பறந்தது. ஆனால் ஏசியைக் குறைக்கக்கூட திரையில் இங்கே தொட்டு அங்கே தொட்டுப் போக வேண்டியிருந்தது. பக்கத்தில் கண்டெய்னர் லாரி உரசுவதுபோல வரும்போது நான் சாலையைப் பார்ப்பேனா, திரையில் பொம்மை தேடுவேனா?

இரண்டாவது கார் சின்னது, அழகானது. மகளுக்கு அதன் கண்ணாடிக் கூரை மிகவும் பிடித்துவிட்டது. பேட்டரியைத் தரைக்கு அடியில் வைத்ததில் தளம் உயர்ந்து, சீட் தாழ்ந்திருந்தது. உட்கார்ந்தால் முட்டி நெஞ்சுக்கு வந்தது. காலிப்பரின் மேல் பட்டை தொடையில் குத்தியது. இறங்குவதற்கு மகள் கைகொடுக்க வேண்டியிருந்தது. இறங்கியதும் அவளே சொன்னாள், "இது வேணாம்மா."

மூன்றாவது ஷோரூமில் இருந்த காரில் எங்களைக் கவரும்படி எதுவும் இல்லை. "ப்ரெட் பாக்கெட் மாதிரி கீது" என்றாள் மகள்.

கைப்பிடி சாதாரணக் கைப்பிடி. பிடித்து இழுத்தேன், திறந்தது. கதவு அகலமாக விரிந்து அங்கேயே நின்றது. சீட் என் இடுப்பு உயரத்துக்கு இருந்ததால் ஏறவும் வேண்டாம், தாழவும் வேண்டாம். முட்டிப் பூட்டைத் தூக்கிவிட்டு அப்படியே பின்பக்கமாக உட்கார்ந்தேன். திரும்பி, இடது காலைக் கையால் எடுத்து உள்ளே வைத்தேன். கிளட்ச் இருந்திருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. அங்கே சாய்வாக ஒரு மேடை. என் பாதம் அதில் போய் அமர்ந்துகொண்டது. ஏசிக்கு உருண்டைத் திருகுகள். பார்க்காமலே கைக்கு அகப்பட்டன.

இறங்கிவந்து, சார்ஜ் வயரை நானே மாட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். வண்டியின் மூக்கிலேயே சார்ஜ் மூடி இருந்தது. ஒரு கையால் தூக்கிச் செருகினேன். டக்கென்று பொருந்தியது.

பிறகு ஒரகடம் சாலையில் ஓட்டினேன். பெடலை லேசாக விட்டால் வண்டி தானே வேகம் குறைந்தது, மிதித்தால் சத்தமில்லாமல் முன்னே போனது. யூ-டர்ன் போட்டுத் திரும்பி வரும்போதுதான் கவனித்தேன்: வெகுநேரமாக என் இடது காலை நான் நினைக்கவே இல்லை.

வீட்டில் அன்று பெரிய வாக்குவாதம். கணவருக்கு முதல் காரின் மேல்தான் ஆசை.

"அதுல நீ போய் எறங்குனா கம்பெனியே திரும்பிப் பாக்கும்" என்றார்.

"திரும்பிப் பாக்கறவங்கள நான் சின்ன வயசுலேர்ந்து பாத்துகினு கீறேன். எனக்கு உள்ள சொகமா உக்காந்து வெளிய பாக்கணும்."

அவர் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே, "சரி. ப்ரெட் பாக்கெட்டே வாங்கிடலாம்" என்றார்.

வண்டி வந்த முதல் வாரம் சேரப்பணஞ்சேரி வரை போய்த் திரும்பிப் பழகினேன். அடுத்த வாரம் கம்பெனிக்கு. கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் குனிந்து உள்ளே பார்த்து, "டிரைவர் எங்கம்மா?" என்று கேட்டார். "இதோ கீறேன்" என்றேன். அவர் அடித்த சல்யூட்டில் பின்னால் வந்த பஸ் நின்றுவிட்டது.

மறைமலை நகரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனதுதான் முதல் நீண்ட பயணம். அவள் தெரு குறுகல். இரண்டு பக்கமும் பைக்குகள், நடுவே ஒரே ஒரு இடம் காலி. தங்கையின் கணவர் ஓடிவந்து என் கணவரிடம், "சகல, நீங்க எறங்கி அண்ணிகிட்டேர்ந்து வாங்கி உள்ள வுட்டுருங்க" என்றார்.

என் கணவர் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "அவங்க வுடுவாங்க. நீ கொஞ்சம் தள்ளி நில்லு சகல."

கண்ணாடியைப் பார்த்தேன், ரிவர்ஸ் போட்டேன், ஸ்டியரிங்கை ஒடித்தேன். ஒரே மூச்சில் வண்டி உள்ளே போய் நின்றது. மாடியிலிருந்து யாரோ கைதட்டினார்கள். தங்கை வாசலிலிருந்து வந்து, என் கணவரை இறங்கச் சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாயெல்லாம் சிரிப்பு.

"அக்கா, ஒரு ரவுண்டு போலாமா?"

"எங்க?"

"எங்கயாவது போ."

இப்போதுதானே நிறுத்தினேன் என்று சொல்லத் தோன்றவில்லை. பைக்குகளுக்கு நடுவிலிருந்து வண்டியை வெளியே எடுத்து, தெருமுனையில் திரும்பி, ஜி.எஸ்.டி. சாலையில் ஏற்றினேன். அதிசயமாக எங்களுக்கு முன்னால் சாலை நீளமாகக் காலியாக இருந்தது. பெடலை அழுத்தினேன். தங்கை ஜன்னலை இறக்கி, சின்னப் பெண்போல ஓவென்று கத்தினாள். நானும் கத்தினேன்.