முதல் வண்டி நாலு மணிக்கு

தனத்துக்கு வேலைநிறுத்தம் என்றால் பஸ் வேலைநிறுத்தம்தான். அவள் புருஷன் ராமன் அரசு பஸ் ஓட்டியவர். மதிவதனி இரண்டாம் வகுப்புப் படித்த வருஷம் பதினெட்டு நாள் வண்டி ஓடவில்லை. பதினெட்டாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்குச் சென்னையில் பேச்சு முடிந்தது என்று டிவியில் சொன்னார்கள். ராமன் அப்போதே எழுந்து முகம் மழித்துக்கொண்டார். காக்கிச் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு டிப்போவுக்குப் போனார். விடியற்காலை நாலு மணிக்குத் திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகச் சென்னைக்கு முதல் வண்டியை அவர்தான் எடுத்தார். வேலைநிறுத்தம் முடிந்தால் வண்டி கிளம்பும். தனம் கண்ணால் பார்த்தது அது.

அந்தப் பதினெட்டு நாளும் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு ஜோதியம்மாள். முறத்தில் அரிசியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீங்க போராடுங்க, நா வடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவள் அப்போதே புருஷனை இழந்தவள். சரவணகுமார் என்று ஒரே பையன். அவனும் மதியும் அடி அண்ணாமலைத் தெருவில் ஒரே தட்டில் தின்று வளர்ந்தார்கள்.

பிறகு பையன் ஷார்ஜாவுக்கு ஏசி மெக்கானிக்காகப் போனான். மதி டிகிரி முடித்து, சென்னையில் பயிற்சி எடுத்து, விமானத்தில் பணிப்பெண்ணாகச் சேர்ந்தாள். ஊரே வாயைப் பிளந்தபோது ஜோதியம்மாள் ஒருத்திதான் சிரித்தாள்.

"அப்பன் ரோட்டுல டிரைவரு, பொண்ணு வானத்துல கண்டக்டரு. சில்லறை இல்லனா எறக்கி வுட்டுடுவியாடி?"

நாலு வருஷத்துக்கு முன்னால் ராமன் மார்வலியில் போனார். அதிலிருந்து இரண்டு வீட்டிலும் ஒவ்வொருத்தியாக இரண்டு பெண்கள். தனம் வாசலில் இட்லிக் கடை போட்டாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி இரண்டு பேரும் கிரிவலப் பாதையோரம் பலகை போட்டு மோர் விற்றார்கள். தனம் ஊற்றுவாள், ஜோதியம்மாள் வெள்ளரிக்காயை நறுக்கி மிளகாய்த்தூள் தூவுவாள். மற்ற நாட்களில் சாயங்காலம் யார் வீட்டிலாவது ஒரு வீட்டில்தான் விளக்கு எரியும்.

இந்தச் சித்திரையில், பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, மதி போன் செய்தாள். கம்பெனியை இன்னொன்றோடு சேர்க்கிறார்களாம். படியைக் குறைத்துவிட்டார்களாம். வெளியூரில் தங்கினால் ஒரு அறையில் இரண்டு பேராம். கேள்வி கேட்டவர்களுக்கு வேலை போய்விட்டதாகக் கடிதம் வந்ததாம். அதனால் எல்லாரும் ஒரே நாளில் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டார்கள்.

தனம் பயந்துபோய் ஜோதியம்மாளிடம் சொன்னாள்.

"கேக்கட்டும் தனம். ராமன் தம்பி அன்னிக்குக் கேக்கலயா? நாளிக்கு மோருக்கு உறை ஊத்தணும், பால் ஜாஸ்தியா வாங்கு" என்றாள் அவள்.

அதுதான் கடைசிப் பேச்சு. புதன்கிழமை காலையில் தண்ணீர்க் குழாய்க்கு அவள் வரவில்லை. தனம் போய்ப் பார்த்தாள். பாயில் ஒருக்களித்துப் படுத்தபடியே போயிருந்தாள். தனம்தான் நிமிர்த்திப் போட்டாள், கண்ணை மூடினாள், தாடையைக் கட்டினாள், கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். அதற்குப் பிறகுதான் தெருவைக் கூப்பிட்டாள்.

ஜோதியம்மாளின் கொழுந்தன் சடையன் வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார். ஐஸ் பெட்டி வந்தது. சரவணகுமார் அழுதுகொண்டே போன் செய்தான்: பதினோரு மணி விமானத்தில் டிக்கெட் கிடைத்துவிட்டது, ராத்திரி ஒன்பதுக்குள் வீட்டில் இருப்பேன். சடையன் ஒப்புக்கொண்டார். சுடுகாடு கிரிவலப் பாதைக்கு அந்தப் பக்கம். வியாழக்கிழமை விடிந்தால் பௌர்ணமி, பாதையில் ஒரு வண்டியும் விடமாட்டார்கள். பையன் ராத்திரி வந்தால் ராத்திரியே எடுத்துவிடலாம்.

பதினொன்றரைக்கு மறுபடியும் போன். மதியின் கம்பெனி விமானம்தான், ரத்து. பணியாளர்கள் வரவில்லையாம். மற்ற விமானங்களிலும் இடமில்லை. குழந்தைகளும் மூட்டைகளுமாகச் சனங்கள் ஏர்போர்ட் தரையிலேயே படுத்திருக்கிறார்கள் என்றான்.

வாசலில் உட்கார்ந்திருந்த பொன்னி என்கிற உறவுக்காரி, யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னாள்:

"ஒருத்தி பெத்தது லீவு போட்டுனு ரூம்ல குந்தினு இருக்குது. ஒருத்தி பெத்தது ஏர்போட்டுல குந்தினு அழுவுது."

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று தனம் ஒரு குண்டான் நிறையச் சாம்பார் சாதம் கிளறிக் கொண்டுபோய் வைத்திருந்தாள். பொன்னியின் பேச்சுக்கப்புறம் அதில் யாரும் கரண்டி போடவில்லை. யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை. தட்டுப்போட்டு மூடியபடி அது அங்கேயே இருந்தது. பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெண்கள் தனத்துக்கு இடம் விட்டுத்தான் நகர்ந்தார்கள். கொஞ்சம் அதிகமாகவே நகர்ந்தார்கள்.

சடையன் முடிவு செய்தார். நாலு மணிக்கு எடுத்துவிடலாம். பங்காளி முறையில் அவர் பையன் மணி கொள்ளி வைப்பான். சரவணகுமார் போனில் பார்த்துக்கொள்ளட்டும்.

"சரி சித்தப்பா. மொகத்த மட்டும் நல்லாக் காட்டுங்க. மூடறதுக்கு முன்னால கிட்ட வெச்சுக் காட்டுங்க" என்றான் அவன். போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

மூன்று மணிக்குத் தனத்தின் போன் அடித்தது. மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். சவ வண்டி தெருமுனையில் நின்றது. அவள் தன் வீட்டுக்குள் போய் எடுத்தாள்.

"அம்மா, வாபஸ் வாங்கியாச்சு. வேலைய வுட்டுத் தூக்கினவங்களையும் சேத்துக்கறாங்க. எல்லாரும் டூட்டிக்குத் திரும்பறோம். ஆனா..."

தனம் அந்த 'ஆனா'வுக்கு நிற்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு ஓடிவந்தாள். ராமன் இருட்டில் முகம் மழித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. காக்கிச் சட்டை ஞாபகம் வந்தது.

"மாமா, எடுக்காதீங்க! ஸ்ட்ரைக் முடிஞ்சிடுச்சு! ராத்திரி வண்டியிலயே ஏறி விடியறதுக்குள்ள புள்ள வந்துடுவான்!"

"நல்லாத் தெரியுமா தனம்?"

"எம் பொண்ணே சொல்றா மாமா. அவளுக்குத் தெரியாதா?"

அதைச் சொன்னபோது அவள் பொன்னியைப் பார்த்தாள். சரவணகுமார் தாயின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்கிற எண்ணம் அவளுக்கு இருந்தது நிஜம். தன் மகளின் பெயர் இந்த வாசலில் இப்போதே கழுவப்படவேண்டும் என்கிற எண்ணமும் இருந்தது. இரண்டில் எது அவளை ஓடவைத்தது என்று பின்னால் பல நாள் யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

சடையன் சவ வண்டியைத் திருப்பி அனுப்பினார். ஒரு பெண் தட்டைத் திறந்து சாம்பார் சாதம் போட்டுக்கொண்டாள். பொன்னிகூட இரண்டு வாய் சாப்பிட்டாள். ஷார்ஜாவில் இருந்தவனும் நம்பினான். "நம்ம மதி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

ராத்திரி எட்டு மணிக்கு அவன் குரல் மாறியிருந்தது. வேலைநிறுத்தம் முடிந்ததுதான். ஆனால் உடம்பு சரியில்லை என்று லீவு போட்ட அத்தனை பேரும் உடம்பு சரியாகிவிட்டது என்று டாக்டரிடம் எழுதி வாங்கவேண்டும். விமானங்கள் எந்தெந்த ஊரிலோ நிற்கின்றன. எல்லாம் ஒழுங்காக இரண்டு நாள் ஆகும். அவனுக்கு வியாழக்கிழமை ராத்திரி விமானத்தில்தான் இடம் கொடுத்தார்கள்.

மதி சொல்லவந்த 'ஆனா' அதுதான்.

சடையன் தனத்தைத் திட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, வுடு" என்றார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவள் திருப்பி அழுதிருப்பாள்.

அன்றைக்கு இருட்டுவதற்கு முன்பே சனங்கள் பாதையில் இறங்கியிருந்தார்கள்; சவ வண்டியை மறுபடியும் கூப்பிட்டபோது போலீஸ் உள்ளே விடவில்லை. சித்திரைப் பௌர்ணமி என்றால் சும்மாவா! காலையில் பார்த்தால் தெருமுனையில் தடுப்புக் கட்டை, கயிறு, போலீஸ். அந்தப் பக்கம் தலைகளாகவே போய்க்கொண்டிருந்தது. சவ வண்டி வர வழியில்லை. மூங்கில் பாடை கட்டித் தோளில்தான் தூக்கவேண்டும். இன்ஸ்பெக்டர் தன்மையாகத்தான் பேசினார்.

"கயிறு போட்டு வழி வுடச் சொல்றேன். மேளம் வேணாங்க, வெடி வேணாம். பூவும் எறைக்காதீங்க. பாவம், வெறுங்கால்ல நடக்கறாங்க. பொணத்து மேல போட்ட பூவ மிதிக்க வேணாம்."

தெருவில் எந்தக் கல்யாணத்துக்கும் முன்னால் நின்று ஆரத்தி சுற்றியவள், எந்தச் சாவுக்கும் விடிய விடிய ஒப்பாரி வைத்தவள் ஜோதியம்மாள். அவள் போவது ஒரு தப்பட்டைச் சத்தம் இல்லாமல், ஒரு பூ விழாமல் என்று ஆயிற்று.

முகத்தை மூடும் முன்னால் மணி ஒரு கையில் நெருப்புச் சட்டியும் ஒரு கையில் போனுமாக நின்றான். பௌர்ணமிக் கூட்டத்தில் போனுக்கு சிக்னல் கிடைக்காது என்பது அந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். முந்தின ராத்திரியே முகத்தைக் காட்டிவிடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருமுறை சரவணகுமாரின் நெற்றி வந்தது, போயிற்று. "ஹலோ... காட்டு... காட்டுடா..." என்று விட்டு விட்டுக் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சடையன் துணியை இழுத்து மூடச்சொன்னார்.

பெண்கள் தடுப்புக் கட்டையோடு நின்றுகொண்டார்கள். பாடை கயிற்றைத் தாண்டிக் கூட்டத்துக்குள் இறங்கியது. சிலர் ஒதுங்கினார்கள். ஒரு வயசாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்கிருந்தோ யாரோ அரோகரா போட, நாலைந்து பேர் சேர்ந்து போட்டார்கள். கொஞ்ச தூரம் வரைக்கும் தனத்துக்குப் பச்சை மூங்கில் தெரிந்தது. பிறகு தலைகள்தான் தெரிந்தன. மற்ற பெண்கள் குளிக்கத் திரும்பிவிட்டார்கள். அவள் மட்டும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டில் விற்கிறவன் வந்து, "அம்மா, கொஞ்சம் நவுருங்க" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை, பால் ஊற்றுகிற நேரத்துக்குச் சரவணகுமார் வந்தான். ஊருக்கு வெளியே தற்காலிகப் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார்களாம். அங்கிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டு, கிரிவலம் முடித்துத் திரும்புகிற சனத்துக்கு நடுவே நடந்தே வந்திருந்தான். நேராகச் சுடுகாட்டுக்குப் போனான்.

சாயங்காலம் தலை மழித்து, ஈர வேட்டியோடு தனத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவள் இட்லிக் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவாமலே எழுந்தாள். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று காலையிலிருந்தே தயாராக இருந்தாள்.

அவன் படியில் உட்கார்ந்தான்.

"நீ சொல்லலனா, புதன்கெழமை போன்லயாச்சும் பாத்திருப்பேன் சின்னம்மா."

"ஆமாம்பா."

"அன்னிக்கு லைன் நல்லா இருந்துச்சு."

"ஆமா."

தெருவில் முனிசிபாலிட்டிக்காரர்கள் குப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்.

"நீதான மொதல்ல பாத்த? எப்டி இருந்துச்சு மொகம்?"

தனம் சொன்னாள். ஒவ்வொன்றாக, ஒன்றும் கூட்டாமல் சொன்னாள். வலிபட்ட முகமில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, உள்ளே முந்தின நாள் போட்ட வெற்றிலைச் சிவப்பு இருந்தது. ஒரு பக்கமாகப் படுத்திருந்ததால் கன்னத்தில் பாய்க் கோடு பதிந்திருந்தது. மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டியபோது தனமே விரலால் நீவிப் பார்த்தாள். போகவில்லை. ஐஸ் பெட்டியிலும் அப்படியே இருந்தது. மூடுகிற வரைக்கும் இருந்தது.

"எந்தக் கன்னம்?"

"வலது."

அவன் தன் வலது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டான். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு எழுந்து, வரேன் என்று சொல்லாமல் போனான். கருமாதி முடிந்த மறுநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஷார்ஜாவுக்குக் கிளம்பினான். போகும்போது வாசலில் நின்று, "உடம்பப் பாத்துக்கோ" என்றான். கோபம் போய்விட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் மதி பேசினாள். மறுபடியும் வளைகுடாப் பக்கம்தான் போட்டிருக்கிறார்களாம்.

"அண்ணன் எம்மேல கோவமா இருக்காராம்மா? போன் எடுக்க மாட்றாரு."

"ஒம்மேல என்னாத்துக்கு? நீ சொல்ல வந்ததக் கேக்காம ஓடினது நானு."

"கேட்டிருந்தாலும்..."

"கேட்டிருந்தா பையன் மொகத்தப் பாத்திருப்பான்."

தனம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக் கதவில் புதுப் பூட்டு. விளக்குப் போடுகிற நேரம். எந்த வீட்டில் என்று யோசிக்கவேண்டிய அவசியம் இனிமேல் இல்லை.

"ஏம்மா மதி, சாவுக்குப் போறவங்க ஒங்க ஏரோப்ளேன்ல ஏறுனா ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. கையில பெருசா ஒண்ணும் இருக்காது. சாப்பாடு குடுத்தா வேணாம்பாங்க. ஜன்னலையே பாத்துனு வருவாங்க."

"நீ என்னா பண்ணுவ?"

"வேணாம்னா எடுத்துனு போயிடுவேன்."

"எடுத்துனு போயிடாத. தண்ணியாச்சும் பக்கத்துல வெச்சுட்டுப் போ."

"சரிம்மா."

"கேக்காமலே வெச்சுடு."

மதிக்கு நேரமாகிவிட்டது, வைத்துவிட்டாள். தனம் எழுந்து விளக்குப் போட்டாள். மோருக்கு உறை ஊற்றப் பாலைக் காய்ச்சினாள். பழக்கத்தில் இரண்டு வீட்டுக்கும் ஊற்றுகிற பெரிய குண்டானை எடுத்துவிட்டாள். பால் அடியிலேயே கிடந்தது. அதைச் சின்னதில் மாற்றிவிட்டு, பெரியதைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள்.