ஹோல்டில் பெய்த மழை

உப்பு கம்பெனிக்கு போன் செய்கிறவர்கள் முதலில் விலை கேட்பதில்லை, மழை கேட்பார்கள்.

பாத்தியில் விளைந்து நிற்கும் உப்பை ஒரு நல்ல மழை கரைத்துவிடும். கரைந்தால் விலை ஏறும். அதனால் நாங்கள் எப்போதும், "மேகம் கட்டுதுங்க, சீக்கிரம் லாரி அனுப்புங்க" என்போம். அவர்களும் எப்போதும் நம்ப மாட்டார்கள். "ரிசீவரை ஜன்னல் பக்கம் காட்டுப்பா, நானே கேட்டுக்கறேன்" என்பார்கள். காட்டுவோம். மரக்காணத்தில் உப்பு வியாபாரம் இப்படித்தான் நடந்தது. எந்த ஆபீசுக்கோ போன் போட்டு, எவனோ லைனுக்கு வருவான் என்று காத்திருந்து கழுத்து பிடித்துக்கொண்ட வாசகர்களே, அந்தக் கழுத்துவலியில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

வாசற்படிக் குடித்தனம்

2005 கோடையில் நான் அந்தக் கம்பெனியில் ராத்திரி டூட்டி. லாரிக்காரர்கள் போன் செய்தால் எடுக்க வேண்டும், எடைமேடைக்குச் சொல்ல வேண்டும். மீதி நேரத்துக்கு, செத்துப்போன ரேடியோக்களைப் பிரித்துப் பார்த்தே கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொண்டேன். எனக்கு வேறு வாத்தியார் கிடையாது. பகலில் தூக்கம் வராது. உப்பளத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

மனைவி கஸ்தூரிக்கு அங்கன்வாடியில் வேலை. நான் உள்ளே வரும்போது அவள் வெளியே கிளம்புவாள். ராத்திரிச் சோற்றை இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட நாள் எது என்று யோசித்தால் ஏதாவது பண்டிகைதான் ஞாபகத்துக்கு வரும். ஒரு நாள் செருப்பு மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "ஊர்ல எல்லாரும் வூட்டுக்குள்ள குடித்தனம் நடத்துறாங்க, நாம வாசப்படியில நடத்துறோம்."

பெட்டி வந்தது

அந்தச் சமயத்தில்தான் பாண்டிச்சேரியிலிருந்து புது இன்டர்காம் பெட்டி வந்து இறங்கியது. ஆபீஸ், குடோன், எடைமேடை என்று எல்லா இடத்துக்கும் லைன். போன் செய்தவரை ஹோல்டில் போட்டால் பெட்டியே ஒரு 'டிங் டிங்' ராகம் வாசிக்கும். முதலாளி பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. யார் பேசினாலும் ஒரு தடவை ஹோல்டில் போட்டுத்தான் பேசினார்.

தோல் பதப்படுத்த எங்களிடம் உப்பு எடுக்கும் ஆம்பூர் மண்டிக்காரர்தான் முதல் பலி. ராகம் ஓடி முடிந்து பாய் லைனுக்கு வந்ததும் அவர் சாவகாசமாகச் சொன்னார்: "லாரி ரிவர்ஸ் எடுத்து முடிச்சிட்டானா பாய்? ஒண்ணும் அவசரமில்ல, இடிக்காம எடுக்கச் சொல்லுங்க."

ஒப்பந்தம்

பெட்டியின் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருப்பதை நான் பார்த்துவைத்திருந்தேன். அதில் டேப் ரெக்கார்டரைச் சொருகினால் நாம் வைப்பதுதான் சங்கீதம். பாயிடம் சொன்னேன்.

பகலில் டெலிபோன் போர்டு பார்த்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டிருந்தாள். அந்த நாற்காலியில் எனக்கு ஒரு கண். பாய்க்கும் அது தெரியும். "ஏம்பா ராசு, ஒரு மாசம் பகல்ல ஒக்காரு. பாட்டு சரியா அமைஞ்சா நாற்காலி ஒனக்கு. கஸ்டமர் எவனாவது கம்ப்ளெயின்ட் பண்ணான்னா பெட்டியும் ஊமை, நீயும் மறுபடி ராத்திரி."

எந்தப் பாட்டு?

பக்திப் பாட்டு வைக்கலாம் என்றார் மேனேஜர் தணிகாசலம். யாருடைய பக்தி என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் பாயின் முகத்தைப் பார்த்தோம். பாய் நிதானமாகச் சொன்னார்: "ஒங்க சாமியும் வேணாம், எங்க அல்லாவும் வேணாம். கஸ்டமரை காக்க வெக்கலாம், ஆண்டவனை ஹோல்டுல போடலாமாப்பா?"

என் ரசனை

சரி, வார்த்தையே இல்லாத வாத்திய இசை என்று முடிவானது. என்னிடம் ஒரு ஷெனாய் கேசட் இருந்தது. ராத்திரி டூட்டியில் அதைப் போட்டுக் கேட்டால் நெஞ்சு கனத்துப்போய், இதமாக இருக்கும். எனக்கு இதமாக இருப்பது ஊருக்கும் இதமாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

காலையில் கருவாட்டு வியாபாரி செங்கேணியம்மா போன் செய்தார். ஹோல்டில் போட்டேன். லைன் கட்டாகிவிட்டது. ஒரு மணி நேரத்தில் ஷேர் ஆட்டோவில் வந்து, தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குள் ஓடி வந்தார். பாய் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். செங்கேணியம்மா அப்படியே நின்றார். அழுகை போய்க் கோபம் வந்தது. "நல்லாத்தான் இருக்கியா பாய்? அப்ப இன்னாத்துக்குய்யா போன்ல அந்த ஒப்பாரி?"

தையல்காரரின் புல்புல்தாரா

பாய் சிரித்துவிட்டதால் அது கம்ப்ளெயின்ட் கணக்கில் வரவில்லை. இனி ரிஸ்க் எடுக்கக் கூடாது என்று பெரிய முதலியார்சாவடியில் எனக்குத் தெரிந்த தையல்காரரிடம் போனேன். புல்புல்தாரா என்கிற கம்பி வாத்தியத்தை நன்றாக வாசிப்பார்; கல்யாண வீட்டுக் கலகலப்பு அவர் விரலில் உண்டு. தகரக் கூரைக் கடை. நான் டேப்பை ஓடவிட்ட நேரம் பார்த்து கோடை மழை ஒன்று கொட்டியது. அவர் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. பஸ்ஸில் மரக்காணம் வந்து இறங்கினால் இங்கே ஒரு சொட்டு இல்லை. பாத்தியெல்லாம் கண் கூசும் வெள்ளை.

அங்கே கடையில் கேட்டபோது புல்புல்தாராதான் முன்னால் நின்றது. போன் லைனில் போனதும் வாத்தியம் எறும்பாகி மழை யானையாகிவிட்டது. அதை நான் கேட்டுப் பார்க்கவே இல்லை. கிளம்பும்போதே தையல்காரர் எச்சரித்திருந்தார்: "ஒரு தடவை போட்டுக் கேட்டுட்டுப் போ ராசு, துணியையே நாங்க அளவு பார்க்காம வெட்ட மாட்டோம்."

மழையா, இல்லையா?

மறுநாள் ஆம்பூர்க்காரர் ஹோல்டில் இருந்துவிட்டு, "அங்க மழையாப்பா?" என்றார். "இல்லைங்க, நல்ல வெயில்" என்றேன். அவர் குரல் மாறிவிட்டது. யோசித்துப் பாருங்கள். வெயில் காய்ந்தாலும் மேகம் கட்டுது என்கிற கம்பெனி, மழைச் சத்தம் காதில் விழும்போது வெயில் என்று சொன்னால் என்ன அர்த்தம்? உப்பு கரைகிறது, இருப்பைப் பதுக்கி நாளைக்கு விலை ஏற்றப்போகிறார்கள்! அவர் உடனே மூன்று லாரி அனுப்பினார். அவர் சொல்லக் கேட்டு மற்ற மண்டிக்காரர்களும் அனுப்பினார்கள். கடற்கரைச் சாலையில் எங்கள் கேட்டிலிருந்து லாரி வரிசை நின்றது.

மேனேஜர் குஷியில் இருந்தார். பாய்க்குக் குஷி இல்லை. "ஏமாத்தி வித்தா ஹராம். எல்லாருக்கும் போன் பண்ணி உண்மையைச் சொல்லு" என்றார். நாற்காலி போச்சு என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொருவருக்கும் போட்டேன். சொல்லச் சொல்ல இன்னும் இரண்டு லாரி உப்பு கூடுதலாகக் கேட்டார்கள்.

கடைசியில் ஆம்பூர்க்காரரே காரில் வந்து இறங்கினார். கையில் குடை. காலடியில் புழுதி. வானத்தைப் பார்த்தார், உப்புக் குவியலைப் பார்த்தார், தார்ப்பாயோடு நின்ற தன் டிரைவர்களைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "வாழ்க்கையில ஒரே ஒரு தடவை உப்பு கம்பெனிக்காரன் உண்மை சொல்லியிருக்கான், அன்னிக்குன்னு பார்த்து நான் நம்பல."

ஜன்னல்

கம்ப்ளெயின்ட் என்றால் இதைவிடப் பெரிய கம்ப்ளெயின்ட் என்ன வேண்டும்? பாய் பெட்டியின் ஒயரைப் பிடுங்கச் சொன்னார். குனிந்து பிடுங்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். இவர்கள் பாட்டா கேட்டார்கள்? இத்தனை வருடமாக ஜன்னலைத்தானே கேட்டார்கள்!

"பாய், ஒரு நாள் டைம் குடுங்க" என்றேன். மைக் செட்காரரிடம் ஒரு பழைய மைக்கும் ஆம்ப்ளிஃபையரும் வாங்கி வந்து, ஜன்னலுக்கு வெளியே மைக்கைக் கட்டி, ஒயரை அந்த ஓட்டையில் சொருகினேன். இனி ஹோல்டில் உப்பளமே பேசும். வெயிலென்றால் காற்றும் உப்பு வாருகிற சத்தமும், மழையென்றால் மழை. பாய் பக்கத்து ரூமிலிருந்து போன் போட்டு, ஹோல்டில் வெகு நேரம் இருந்துவிட்டு வந்தார். "இதுல பொய் சொல்லணும்னா மேகத்துக்குத்தான் சம்பளம் குடுக்கணும். போ, நாற்காலியில ஒக்காரு."

இன்னும் கொஞ்ச நேரம்

ஒன்றை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்த ஜன்னல் நிழலில்தான் உப்பு வாரும் பெண்கள் மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். மைக் இருக்கிறது என்று நானே போய்ச் சொன்னேன். சொன்ன பிறகு குரலை இன்னும் கூட்டினார்கள். மீன் விலை, மாமியார், கூலி ஏற்றாத பாய் என்று எல்லாமே ஆம்பூர் வரை போனது. அடுத்த மாதமே பாய் கூலியை ஏற்றினார். மண்டிக்காரர்களே அவரிடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்களாம்.

ஒரு நாள் ஆம்பூர்க்காரரை ஹோல்டிலிருந்து எடுத்து, "சொல்லுங்க" என்றேன். அவருக்கு எரிச்சல். "இன்னாய்யா அவசரம் ஒனக்கு? திரும்பப் போடு, அந்தம்மா மருமவ திரும்பி வந்தாளா இல்லையான்னு தெரிய வேணாம்?"

இப்போது பகல் டூட்டி, ராத்திரியில் கஸ்தூரியோடு ஒரே நேரத்தில் சோறு, மீன் குழம்பு, பேச்சு எல்லாம் உண்டு. அன்று பகலில் வராத தூக்கம் மட்டும் ராத்திரியிலும் இன்னும் ஹோல்டிலேயே இருக்கிறது.